தாய்ச் சிப்பியின் ஆகாரமும் ஜலத்தின் உஷ்ணமும்

களத்தில் கிடக்கும் நெல்லையெல்லாம் விதைக்கென்று எடுக்கும் குடியானவர் எவருமில்லை. செழித்து விளைந்த பாத்தியைத் தனியே அறுத்து, உலர்த்தி, கோட்டை கட்டி வைப்பதே வழக்கம். சினைப் பசுவுக்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் வைப்பதும் கன்று பிறப்பதற்கு முன்னரேயாகும். ஆனால் உப்பங்கழிகளில் சிப்பி வளர்க்க முற்படுவோர், குஞ்சு எத்தனை ஆயிரம், விலை என்ன என்று விசாரிக்கின்றார்களேயன்றி, அக்குஞ்சுகளை ஈன்ற தாய் எதைத் தின்றது, எவ்வளவு உஷ்ணமுள்ள ஜலத்தில் இருந்தது என்று விசாரிப்பது அரிது. வித்தின் வன்மை தாயின் போஷணையில் இருக்கின்றது என்னும் பழைய உண்மை சிப்பிக்கும் பொருந்தும்.

சிப்பி வளர்ப்பு நம் கரைகளுக்கு முற்றிலும் புதியதன்று. சென்னை மாகாண மீன் இலாகாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1910-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே பழவேற்காட்டு ஏரியில் உண்ணும் சிப்பியை, அதாவது கடலோரத்தார் ஆளி என்பதை, வளர்க்க முயன்றார். அக்காலத்தில் இயற்கையாக வந்து ஒட்டும் குஞ்சுகளையே நம்ப வேண்டியிருந்தது. 1981-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் முத்துச் சிப்பியின் குஞ்சுகளைத் தொட்டியில் உண்டாக்குவதில் வெற்றி கிடைத்தது. அதையடுத்து ஆளிக்கும் அம்முறை கைவந்தது. அன்று முதல் தாயைத் தேர்ந்து போஷிக்கும் பொறுப்பு கடலை விட்டு மனிதனுடைய கைக்கு வந்துவிட்டது.

தாய்ச் சிப்பி தான் உண்டதில் ஒரு பகுதியை மாச்சத்தைப் போன்றதொரு பொருளாகச் சேமித்து வைக்கின்றது. கரு முதிருங்கால் அச்சேமிப்பு குறைய, முட்டைகளில் கொழுப்பு சேருகின்றது. கடல் ஜலத்தில் விடப்பட்ட முட்டையிலிருந்து உண்டாகும் குஞ்சு, இரை கொள்ளும் உறுப்புகள் அமையும் வரையில், ஏறக்குறைய ஒரு நாள், தாய் கட்டிக் கொடுத்த இச்சோற்று மூட்டையைக் கொண்டே பிழைக்க வேண்டும்.

கொழுப்பு எல்லாம் ஒரே தன்மையுடையதன்று. மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடுகின்றது, நல்லெண்ணெய் உறைவதில்லை. அவற்றிலுள்ள கொழுப்பு அமிலங்களின் வேற்றுமையே இதற்குக் காரணம். நல்லெண்ணெயைக் காட்டிலும் எளிதில் உறையாத கொழுப்பு அமிலங்கள் கடற்பிராணிகளில் உண்டு. அவற்றுள் ஐக்கோஸாபென்டயினோயிக் அமிலமும் டோகோஸாஹெக்ஸயினோயிக் அமிலமும் முக்கியமானவை. குஞ்சின் உடலணுக்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுகள் இளக்கமாக இருப்பதற்கு இவை இன்றியமையாதன. சிப்பி இவற்றைத் தானே போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள இயலாது. உண்ணும் நுண்பாசியின் வழியாகவே பெரும்பாலும் பெறுகின்றது.

நுண்பாசிகளிலும் தரம் பல. மேரி பார்க் என்னும் அம்மையார் 1949-ஆம் ஆண்டில் விவரித்து வெளியிட்ட ஐஸோகிரைஸிஸ் என்பதில் மேற்கூறியவற்றுள் இரண்டாவது அமிலம் மிகுந்துள்ளது. கீட்டோஸெராஸ் என்பதில் முதலாவது மிகுதி. டுனாலியெல்லா என்னும் பச்சைப் பாசியிலோ இவ்விரண்டும் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே ஒரே பாசியை வயிறு நிறைய ஊட்டுவதைவிட, தகுந்த இரண்டு மூன்றைக் கலந்து ஊட்டுவதே நலம். மாவுப் பொருள்களை மட்டும் கொடுத்தால் தாய் கொழுக்கலாம். இவ்வமிலங்கள் அவற்றிலிருந்து கிடைக்கமாட்டா. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேட்டின்படி, தாயின் உலர்ந்த சதை எடையில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை, உலர்ந்த எடைக் கணக்கில், நுண்பாசி தினந்தோறும் கொடுக்கத்தக்கது. நூற்றுக்கு 6 பங்கை மிஞ்சினால் உடல் வளருமேயன்றிக் கரு வளராது.

இனி உஷ்ணத்தைக் கவனிப்போம். குளிர்ந்த ஜலத்தில் வாழும் சிப்பி தன் சவ்வுகளில் உறையாத கொழுப்பை மிகுதியாகச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. உஷ்ணம் ஏறினால் உடலின் செலவு ஏறுகின்றது. ஆகாரம் அதற்கு ஈடு கொடாவிடின், முட்டைக்கென வைத்த சேமிப்பையே தாய் எரித்துவிடும். கரு விரைவில் முதிர்ந்தாலும் முட்டை சத்துக் குறைந்ததாகலாம். குளிர் தேசங்களில் கருவை முதிர்விப்பதற்காக ஜலத்தைச் சூடாக்குகின்றனர். நம் கரையிலோ நிலைமை நேர்மாறானது. தாயைக் குளிர்ந்த ஜலத்தில் வைத்து ஊட்டிப் பின்னரே உஷ்ணத்தை உயர்த்தி முட்டையிடச் செய்தல் வேண்டும். ஆயினும் அளவுக்கு மிஞ்சிய குளிர் கருவை முதிரவொட்டாது. ஆகாரமும் உஷ்ணமும் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு எருதுகள். ஒன்று பின்வாங்கினால் வண்டி நகராது.

குஞ்சு பொரித்த பின் நல்ல பாசியை ஊட்டினால் போதாதோ, தாய்க்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்போர் உண்டு. இக்கேள்வி தள்ளத்தக்கதன்று, பின்னர் ஊட்டும் ஆகாரம் குறையை ஓரளவு தீர்க்கும். ஆனால் இரை கொள்ளுமுன் மடிந்த குஞ்சுக்கு எந்த ஆகாரமும் பயன்படாது. வேல்ஸ் நாட்டின் கான்வே பரீட்சை நிலையத்தில் ஐரோப்பியத் தட்டைச் சிப்பியைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 1973-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தாய்க்கு மேலதிகமாக நுண்பாசி ஊட்டுவதனால் குஞ்சுகளின் வீரியம் எவ்வாறு மாறுகின்றது என்பதே அங்கு ஆராயப்பட்டது. பிறக்கும்போது கொழுப்பு மிகுந்திருந்த குஞ்சுகளே வீரியமாக வளர்ந்தன.

ஆதலால் குஞ்சு வாங்குவோர் மூன்று விவரங்களைக் கேட்டறிதல் அவசியம்: தாய் எத்தனை நாள் போஷிக்கப்பட்டது, எந்தெந்தப் பாசி ஊட்டப்பட்டது, ஜலத்தின் உஷ்ணம் எத்தனை டிகிரி. பல குடும்பங்கள் கூடிக் குஞ்சு வாங்கும் கிராமங்களில், கிராம அதிகாரிகள் இவற்றை ஒரு குறிப்பேட்டில் பதியச் செய்து, ஒவ்வொரு தொகுதியிலும் பிழைத்தவை எத்தனை என்பதையும் எதிரே எழுதச் செய்வார்களாயின், இரண்டொரு பருவங்களிலேயே எக்குஞ்சு வாங்கத்தக்கது என்பது புலப்படும். மலிவான குஞ்சு பாதியில் மடிந்தால், நஷ்டமாவது அதன் விலை மட்டுமன்று. கயிறும் கழியும் பருவமும் கூலியும் அதனோடு போகின்றன. தாயைப் பேணச் செலவிட்ட பணமோ குஞ்சின் உயிராகத் திரும்பி வரும்.