தம்பிக்கு என்ன வேணும்?

மயிலாப்பூர் மெஸ்ஸிலோ பாண்டி பஜார் துணிக்கடையிலோ சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால், நாம் கூட வந்த அம்மாவைத்தான் பார்க்கிறோம். "தம்பிக்கு என்ன வேணும்?" தம்பிக்கு முப்பது வயதிருக்கும். மடியில் படப் பலகையோ டேப்லெட்டோ இருக்கும். அவர் விரல் முதல் படத்தைத் தொடுவதற்குள் வாக்கியத்தை நாமே முடித்துவிடுகிறோம். வாயால் பேசும் நமக்கு நிமிடத்தில் நூறு சொல்லுக்கு மேல் வரும். விரலாலோ கண்ணாலோ பலகையில் சுட்டிப் பேசுகிறவருக்குப் பெரும்பாலும் 15 கூட வராது. அவ்வளவு நேரம் நாம் யாருக்காகவும் நின்றதில்லை.

தெரியாது என்று சொல்ல சென்னைக்காரர்களுக்கு வழியில்லை. மாற்றுத்திறனாளிகளுக்காக 1985-இல் தொடங்கிய வித்யா சாகர் கோட்டூர்புரத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்கள், பிள்ளைகளோடு சேர்ந்துதான் ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் படங்களைத் தொட்டால் குரலாகப் பேசும் 'ஆவாஸ்' கருவியை உருவாக்கினார். 2011-இல் எம்.ஐ.டி.யின் 'டெக்னாலஜி ரிவ்யூ' இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது நம்மூர்ப் பையன் என்று மகிழ்ந்தோம். அந்தக் கருவியில் பேசுகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று மட்டும் கற்கவில்லை.

இந்த அலட்சியத்தில் எழுதுகிறவர்களான நம் பங்கு இன்னும் பெரிது. 'அப்பா', 'கடை', 'போ' என்று மூன்று படங்களைத் தொட்டால், அப்பா கடைக்குப் போனாரா, போகவேண்டுமா? வேற்றுமையையும் காலத்தையும் விகுதியில் வைத்திருக்கும் மொழிக்கு இது பெரிய சிக்கல். கணினியில் தமிழ் எழுத்துருக்களுக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடிய நாம், இதன் பக்கம் எட்டிப் பார்த்தது மிகக் குறைவு.

பலகையில் எந்தச் சொல் இருக்கலாம் என்பதையும் நாமே முடிவுசெய்தோம். 'தண்ணி', 'பாத்ரூம்', 'பசி' வைத்தோம். 'போதும்', 'எனக்குப் பிடிக்கலை', 'நீங்க சொல்றது தப்பு' வைக்கவில்லை. கோபிக்கவும் கிண்டலடிக்கவும் காதலைச் சொல்லவும் சொல்லில்லாமல் ஒருவர் வளர்ந்தால், அது அவர் உடம்பின் குறை அல்ல. பலகை கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று தாய்மார்களைப் பயமுறுத்தியதும் நாம்தான். அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று ஆய்வுகள் சொல்லிப் பல வருடம் ஆகிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'தொடர்பு' என்பதன் வரையறையிலேயே படப் பலகை போன்ற மாற்று வழிகளையும் சேர்த்திருக்கிறது. 2022-இல் மெரினா மணலில் சக்கர நாற்காலிகளுக்காக மரப்பாதை போட்டபோது போய்ப் படமெடுத்தோம். நாம் தினமும் ஏறி இறங்கும் அடையாறு வங்கியில், கிளினிக்கில், காவல் நிலையத்தில் ஒரு படப் பலகை வையுங்கள் என்று கேட்டோமா? லேமினேட் செய்த ஓர் அட்டை போதும். கேட்கவில்லை.