அந்த ஒரு வரி
நேற்றிரவு ஹாஸ்கெல் நிரல்மொழியில் ஒரு சிறு ஃபங்ஷன் எழுதினேன். இன்னொரு ஃபங்ஷனை வாங்கி, அதையே ஒருமுறை எண்ணின்மீதும் ஒருமுறை எழுத்துச் சரத்தின்மீதும் செலுத்த வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. கம்பைலர் மறுத்துவிட்டது. வழக்கமாக நான் வகைகளை (டைப்களை) எழுதிக் கொடுப்பதில்லை. 1978-இல் ராபின் மில்னர் எம்.எல். மொழிக்காக வகுத்த வழியில் கம்பைலரே அவற்றைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்தச் சுகத்துக்குப் பழகியவனுக்கு இந்த மறுப்பு உறைத்தது. ஆனால் இதில் கம்பைலரை எழுதியவர்களின் குறை ஏதுமில்லை. இத்தகைய ஃபங்ஷன்களுக்கும் இடம்தரும் வகைமுறை, ஜிரார்டும் ரெனால்ட்ஸும் எழுபதுகளில் தனித்தனியே கண்ட சிஸ்டம் எஃப். அதில், வகைக்குறிப்பே இல்லாத நிரலுக்கு வகை உண்டா இல்லையா என்று எப்போதும் சரியாகச் சொல்லிவிடும் வழிமுறை இருக்கவே முடியாது என ஜோ வெல்ஸ் 1994-இல் நிரூபித்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடையின்றிக் கிடந்த கேள்வி! எனக்கோ அந்த நிரூபணத்தைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் பிடித்திருக்கிறது. சைமன் பெய்டன் ஜோன்ஸும் கூட்டாளிகளும் 2007-இல் எழுதிய கட்டுரை நம்மிடம் கேட்பது மிகக் கொஞ்சம்: உள்ளே வரும் ஃபங்ஷன் எந்த வகைக்கும் பொருந்தும் என்று அந்த ஓரிடத்தில் மட்டும் எழுதித் தர வேண்டும். அந்தக் குறிப்பை நிரலுக்குள் கடத்திக்கொண்டுபோய், மிச்சத்தைக் கம்பைலர் பார்த்துக்கொள்கிறது. ‘ஃபார்ஆல்’ என்ற சொல்லோடு ஒரு வரி சேர்த்தேன், ஓடியது. வகைக்குறிப்பைச் சுமை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆறு மாதம் கழித்து இந்த நிரலைத் திறந்தால் நான் முதலில் தேடப்போவதும் அந்த வரியைத்தான்.