மேலே குளம், கீழே லயம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் குளம் புதிதல்ல. பாலை உறைய வைத்துத் தகடாக்கும் ஸ்டோருக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். அதற்கென்று ஓடையை மறித்து, மண் கரை எழுப்பி, குளம் கட்டினார்கள். அந்த மண்ணைச் சுமந்தவர்கள் நம் பாட்டன்மார்.

இன்று ஈப்போவைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்கள் பல, வீடமைப்பு நிலங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. மரம் போன இடத்திலும் குளம் நிற்கிறது. கை மாறியபின் அது மீன்பிடிக் குளமாகிறது. கரையோரம் குடில்கள் எழுகின்றன. ஞாயிற்றுக்கிழமை கார்கள் வரிசையாக வருகின்றன. இதில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் கரைக்குக் கீழே இன்னும் லயம் இருக்கிறது. லயத்தில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் கரையைக் கவனிப்பவர் யார் என்பதே நம் கேள்வி.

சென்ற மழைக்காலத்தில் ஒரு தோட்டத்துக் கிளைத் தோழர்கள் நம்மிடம் வந்து சொன்ன செய்தியே இதை எழுதத் தூண்டியது. குளத்தை எடுத்து நடத்துபவர், வளர்ப்பு மீன் தப்பிப் போகாதிருக்க, மிஞ்சிய நீர் வழிந்தோடும் வாயில் கம்பி வலை அடித்துவிட்டார். அடைமழை இரவில் இலையும் சுள்ளியும் வலையில் அடைந்து, தண்ணீர் கரையின் உச்சிக்கு ஒரு முழம் வரை ஏறிவிட்டது. விடிந்தால் வெட்டு இல்லை என்று படுத்திருந்த இரு தோழர்கள் எழுந்து போய், பாராங் கத்தியால் குப்பையை வெட்டித் தள்ளினார்கள். மறுநாள் அவர்களுக்குக் கிடைத்தது நன்றியல்ல; அத்துமீறி நுழைந்ததாக ஓர் எச்சரிக்கை!

சின்னக் குளம், சின்ன வலை, இதற்கு ஒரு தலையங்கமா என்று கேட்பவர்கள் ஜான்ஸ்டவுன் நகரின் கதையை அறிய வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள அது, இரும்பாலைத் தொழிலாளர்களின் ஊர். அதற்கு 14 மைல் மேலே, கால்வாய்க்காக அரசு கட்டிப் பின்னர் கைவிட்ட மண் அணை ஒன்று இருந்தது. உயரம் 72 அடி. 1879இல் அது பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வர்களின் மீன்பிடி வேட்டைக் கிளப்பின் கைக்குப் போனது. எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி அதில் ஓர் உறுப்பினர். கோடையில் படகு விட அவர்களுக்கு ஏரி வேண்டியிருந்தது. அடியிலிருந்து நீரை வெளியேற்றும் இரும்புக் குழாய்களை முந்திய உரிமையாளர் எடுத்து விற்றிருந்தார். கிளப் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. வண்டிப் பாதைக்காக அணையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாதிருக்க, நீர் வழியும் வாயில் கம்பித் தடுப்பு வைத்தார்கள்.

1880இல் ஊரின் இரும்பாலைத் தலைவர் டேனியல் மோரல், தம் பொறியாளரை அனுப்பி அணையைப் பார்வையிட்டு, குறைகளை எழுதி எச்சரித்தார். அபாயம் ஒன்றுமில்லை என்று கிளப்பிலிருந்து பதில் வந்தது. 1889 மே 31ஆம் நாள் பெருமழையில் தண்ணீர் உச்சியைத் தாண்டி வழிந்தது; பிற்பகலில் அணை உடைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஊர் வெள்ளத்தில் போயிற்று. இறந்தவர் 2,209 பேர். வழக்குகள் நடந்தன, கிளப் ஒரு காசு நஷ்டஈடு கொடுக்கவில்லை. கார்னகி பின்னர் அந்த ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார்.

பழங்கதை என்று தள்ள முடியாது. 2018 மே 9ஆம் நாள் இரவு, கென்யாவின் சோலாய் என்னுமிடத்தில் தனியார் பண்ணை அணை ஒன்று மழையில் உடைந்து, கீழே குடியிருந்தோரில் 40க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அணைக்கு முறையான அனுமதி இல்லை என்று அதிகாரிகள் பின்னர் கூறினர். பின்னர் கூறி என்ன பயன்? மலையிலிருந்து இறங்கும் தண்ணீரின் வேகத்தை நம் பேராக்கும் அறியும். 1996 ஆகஸ்டு 29ஆம் நாள், கம்பார் அருகே போஸ் டீப்பாங்கில், சேறும் மரமுமாக வந்த வெள்ளம் 44 உயிர்களைக் குடித்தது.

மண் கரை தன்மேல் தண்ணீர் வழிவதைத் தாங்காது. வழியும் நீர் மண்ணை அரிக்கும், அரிப்பு வாய்க்காலாகும், வாய்க்கால் உடைப்பாகும். ஆகவே வழிவாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும். கரையின் அடியில் கசியும் நீர் கலங்கலாக வந்தால், உள்ளே மண் போகிறது என்று பொருள். உச்சி ஓரிடத்தில் தாழ்ந்தாலும், கரையில் பெருமரம் வேர்விட்டாலும் ஆபத்தே. இதையெல்லாம் முதலில் காண்பவர், விடியற்காலையில் கரையோரம் நடந்து போகும் பால்வெட்டுத் தொழிலாளியே.

கண்டதைச் சொன்னால் கேட்பார்களா? ஆலைத் தலைவர் எழுதிய கடிதத்துக்கே அந்தக் கதி என்றால், தனியொரு தொழிலாளியின் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு? ஆகவே அது கிளையின் எழுத்தாக வேண்டும். காண்பவர் காணட்டும், கிராணிமார் நாள், நேரம், மழை, நீர்மட்டம் எல்லாவற்றையும் குறித்து வைக்கட்டும். ஒரு பிரதி நிர்வாகத்துக்கு. ஒரு பிரதி வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்கு. ஒரு பிரதி மாவட்ட அலுவலகத்துக்கு. ஆற்று நீரைத் திருப்ப அனுமதி வேண்டும் என்னும் 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் பேராக்கிலும் செல்லுபடியாகும். குளம் தனியார் சொத்து என்ற பேச்சு கரையோடு நின்றுவிடும். உடைந்த தண்ணீர் யார் நிலமென்று பார்த்து ஓடாது.

நாம் கேட்பது அதிகமில்லை. மழைக்காலத்துக்கு முன் பொறியாளர் ஒருவர் கரையைப் பார்வையிடட்டும். அவர் எழுதியதை லயத்து மக்களுக்கும் படித்துக் காட்டட்டும். வழிவாயில் வலை வேண்டாம். இரவில் ஆபத்தென்றால் லயத்தை எழுப்ப ஒரு மணி வேண்டும். பழைய பிரட்டு மணியே போதும். அதுவரை, கரையைக் காக்கப் போன அந்த இரு தோழர்கள்மீது விடுத்த எச்சரிக்கையை நிர்வாகம் திரும்பப் பெறட்டும்.