இன் பண்ணாத சட்டை

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கல்லூரிக் கதவு முன்பைவிட இப்போது தாராளமாகவே திறந்திருக்கிறது. மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர 30 வயதுதான் உச்சம் என்று இந்திய பார் கவுன்சில் வைத்திருந்த விதி பல வழக்குகளைக் கண்டு, 2017இல் உச்ச நீதிமன்றத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. நீட் எழுதுவதற்கு இருந்த மேல் வயது வரம்பு 2022இல் போனது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகள் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொன்னதும் அதே ஆண்டில்தான். விண்ணப்பம் போடும்வரை கட்டணம், விடுப்பு, பழைய மதிப்பெண் பட்டியல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதுதான் கவலை. இடம் கிடைத்து, வகுப்பு தொடங்கும் தேதியும் வந்த பிறகு இன்னொரு கேள்வி முளைக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரப் போகிறோமே, என்ன உடுத்திக்கொண்டு போவது? கேட்பவர்களுக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும். படிக்கப் போகிற இடத்தில் உடையில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். ஆனால் இது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை என்பது என் கட்சி.

இந்தக் கவலை எங்கே வருகிறது, எங்கே வருவதில்லை என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் நாற்பதாண்டுகளுக்கு மேலாக அஞ்சல் வழியில் பாடம் நடத்தி வருகின்றன. அவற்றின் வார இறுதி வகுப்புகளுக்கு வங்கி ஊழியர் வருவார், தலைமைக் காவலர் வருவார், மூன்று பிள்ளைகளின் தாய் வருவார். அவரவர் வீட்டிலிருந்தோ வேலையிலிருந்தோ எப்படிக் கிளம்பினார்களோ அப்படியே வந்து உட்கார்வார்கள். யாரும் யாருடைய உடையையும் பொருட்படுத்துவதில்லை. அங்கே எல்லோருக்கும் வயதாகியிருக்கிறது. வழக்கமான கல்லூரியில், வார நாள் வகுப்பில், அறுபது பேருக்கு ஒருவராகப் போய் உட்காரும்போதுதான் பீரோ முன்னால் நிற்க வேண்டியதாகிறது. ஆகவே அழகாகத் தெரிய வேண்டும் என்பதோ இளமையாகத் தெரிய வேண்டும் என்பதோ இந்தக் கவலையின் அடியில் இல்லை. அந்த அறைக்குள் நம்மை யாராக எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரி வகுப்பறையில் வயதானவருக்கு ஏற்கனவே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது கரும்பலகைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதனால் எந்த உடை என்று துணியின் பெயரைக் கேட்பதில் அதிகப் பயனில்லை. 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் கீழுள்ள பொறியியல் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-ஷர்ட், கையில்லாத மேல்சட்டை ஆகியவற்றுக்குத் தடை போட்டது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்குத் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. பெண்கள் சேலை, சல்வார் கமீஸ் அல்லது துப்பட்டாவோடு சுடிதார் அணியலாம், ஆண்கள் பேன்ட்-சட்டையோ வேட்டியோ அணியலாம் என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வருட மாணவனிடமும் அரசுச் செயலாளரிடமும் ஏறத்தாழ ஒரே உடைதான் எதிர்பார்க்கப்படுகிறது. (கல்லூரி உடை விதிகளை எழுதியவர்கள் வாலிபத்தை நினைத்துப் பயந்து எழுதியவர்கள். நாற்பத்தைந்து வயது மாணவர் ஒருவர் வருவார் என்று அவர்களுக்குத் தோன்றியே இருக்காது. அந்த விதிகளை மீற வழியில்லாத ஒரே ஆள் அவர்தான்.) துணி ஒன்றாக இருக்கும்போது வேறுபாடு எங்கே வந்து உட்காரும்? உடுத்துகிற விதத்தில். கஞ்சியில், இஸ்திரியில், பின்னில், பெல்ட்டில், செருப்பில்.

ஆண்களுக்கு இது எளிது. முழுக்கைச் சட்டையை இன் பண்ணி, பெல்ட் போட்டு, கறுப்பு ஷூவும் பையில் பேனாவுமாக வருபவரைப் பார்த்தால் வகுப்பு எழுந்து நிற்கும். எழுந்தவர்கள் அசடு வழிய உட்கார்வார்கள். அந்த அசட்டுத்தனம் ஒரு வாரத்துக்குத் தீராது. அதே சட்டையை வெளியே விட்டு, கையை முழங்கைவரை மடித்து, காலில் சாதாரணச் செருப்போடு வந்தால் அவர் யாரோ ஒருவர். ஷூவோ செருப்போ, பழகித் தேய்ந்ததாக இருந்தால் போதும். கையில் ஆபீஸ் தோல்பைக்குப் பதில் முதுகுப் பை இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. கழுத்தில் கல்லூரி ஐடி கார்டு தொங்கினால் மீதியும் தீர்ந்தது. அந்தக் கார்டைப் பலர் வாசலைத் தாண்டியதும் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். வயதில் மூத்தவர் அதைக் கழற்றாமல் இருப்பது நல்லது. வேட்டி விஷயம் கொஞ்சம் சிக்கல். சட்டம் படிக்கும் ஐம்பது வயதுக்காரர் மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டையில் வந்தால், வார்டு கவுன்சிலர் யாருக்கோ சீட்டு வாங்க முதல்வரைப் பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் வாசல் காவலர் நினைப்பார். வேட்டியே பழக்கம் என்றால் கரை வேட்டியும் கஞ்சியும் வேண்டாம். கலர்ச் சட்டை போட்டுக்கொள்ளலாம்.

பெண்களுக்கு அவ்வளவு எளிதில்லை. நம் கல்லூரிகளில் சேலை என்பது ஆசிரியையின் உடையாகவே ஆகிவிட்டது. பல தனியார் கல்லூரிகளில் ஆசிரியைகள் சேலைதான் கட்ட வேண்டும். சில இடங்களில் அதற்கு மேல் ஓவர்கோட் வேறு. ஆசிரியைகளைச் சேலை கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2021இல் கேரள அரசு உத்தரவு போட வேண்டி வந்ததிலிருந்தே வழக்கம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று தெரிகிறது. மாணவிகளோ, விழா நாள் தவிர, சேலை கட்டுவதில்லை. ஆகவே நாற்பது வயதுப் பெண் வார நாளில் மடிப்பெடுத்துப் பின் குத்திய காட்டன் சேலையில் நுழைந்தால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே அந்தச் சேலை அவரை மேடமாக்கிவிடும். சுடிதார் பழக்கம் இருப்பவர்களுக்கு அதுவே சரி. வாழ்நாள் முழுக்கச் சேலையே கட்டியவர் படிப்புக்காகச் சுடிதாருக்கு மாற வேண்டுமா? வேண்டாம் என்றே நினைக்கிறேன். நாள் முழுவதும் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, தன் உடம்பே தனக்கு அந்நியமாக உட்கார்ந்திருப்பவருக்குப் பாடம் ஏறாது. மார்க்கெட்டுக்கும் மருத்துவமனைக்கும் கட்டிக்கொண்டு போகும் சாதாரணப் பூப்போட்ட சேலை போதும். அதில் பஸ் ஏறலாம், மாடி ஏறலாம், தரையில்கூட உட்காரலாம். கூடவே முதுகுப் பையும் ஐடி கார்டும் இருந்தால் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நம்மை யாரும் அவ்வளவு கவனிப்பதில்லை என்பது. இதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை நடத்தி 2000இல் வெளியிட்டார்கள். பேரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒவ்வொரு தடவையும் ஒரு மாணவருக்கு மாட்டிவிட்டார்கள். அந்தப் பாடகரின் படத்தோடு திரிவது அன்றைய மாணவர்களுக்கு மானக்கேடு. அந்த உடையில் மற்றவர்கள் இருந்த அறைக்குள் போய்வரச் சொல்லி, எத்தனை பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்பது அணிந்தவர்களின் கணக்கு. உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான். முதல் நாள் சேலை நிறத்துக்காக மூன்று மணி நேரம் யோசித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இந்தச் சோதனை எதைச் சொல்கிறது என்பதில் கவனம் வேண்டும். சட்டையில் யார் படம் இருந்தது என்பதுதான் அங்கே பலர் கண்ணில் படவில்லை. உள்ளே வந்தது மாணவனா, பேராசிரியரா என்பதில் அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. சின்னச் சின்ன விவரங்களை மனிதர்கள் பார்ப்பதில்லை. எந்த வகை ஆள் என்பதை மட்டும் ஒரே பார்வையில் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆகவே நிறம், டிசைன், விலை, கொஞ்சம் பருத்திருப்பது பற்றிய கவலையை விட்டுவிடலாம். எந்த வகை என்பதை மட்டும் யோசித்தால் போதும்.

இன்னொரு மறுப்பு மரியாதை பற்றியது. வயதுக்கேற்ற கம்பீரத்தோடு போனால் என்ன தப்பு, பிள்ளைகள் சார் என்றும் மேடம் என்றும் கூப்பிடட்டுமே என்பார்கள். கூப்பிடலாம். ஆனால் சார் என்று கூப்பிட்டவரிடம் எந்தப் பிள்ளையும் அசைன்மென்ட் எங்கிருந்து காப்பி அடித்தாய் என்று கேட்காது. உள்தேர்வு தள்ளிப் போனது, பழைய வினாத்தாள் எந்த ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும், எந்தப் பேராசிரியர் வருகைப் பதிவில் கறார் என்பதெல்லாம் பெஞ்சுக்குப் பெஞ்சு காதோடு போகும் செய்திகள். இருபது வருடம் படிப்பை விட்டிருந்தவருக்குப் பாடப் புத்தகத்தைவிட அவைதான் அவசரத் தேவை. மரியாதை கூடக்கூட அந்தச் செய்தி நின்றுவிடும். நல்ல உடை போட்டால் மூளை கூர்மையாகும் என்றும் ஒரு வாதம் உலவுகிறது. அதற்கு மூலம் 2012இல் ஹாயோ ஆடமும் ஆடம் கலின்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வு. மருத்துவரின் வெள்ளைக் கோட்டு என்று சொல்லிப் போட்டுவிட்டபோது கவனம் கூடியதாக அவர்கள் கண்டார்கள். அதில் ஒரு சோதனையை 2019இல் வேறு ஆய்வாளர்கள் அதிக ஆட்களை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. இதை நம்பி கோட்டு தைக்கக் கொடுக்க வேண்டியதில்லை.

எதிர்த்திசையில் போய், இளையவர்களைப் போலவே உடுத்திக் கலந்துவிடலாம் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கிழிந்த ஜீன்ஸ் வயதை மறைக்காது. மறைக்க முயல்கிறார் என்பதைத்தான் காட்டும். பழக்கமாக ஜீன்ஸ் போடுகிறவர் தாராளமாகப் போடலாம், அது வேறு விஷயம். எல்லோருக்கும் சீருடை வைத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. ஆக்ஸ்போர்டில் தேர்வுக்குக் கறுப்பு அங்கியும் வெள்ளைச் சட்டையும் கட்டாயம். அதை விட்டுவிடலாமா என்று 2015இல் மாணவர்களிடம் வாக்கெடுத்தபோது, நான்கில் மூன்று பங்குக்கு மேலானவர்கள் இருக்கட்டும் என்றார்கள். நம் பள்ளிச் சீருடையும் பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்று தெரியாமலிருக்கத்தான் வந்தது. சாதியையும் காசையும் ஓரளவு மூட சீருடையால் முடியும். நரையை மூட முடியாது.

வகையைத் தீர்மானித்த பிறகு மற்றதெல்லாம் வெயிலும் வேலையும் சொல்கிறபடிதான். செமஸ்டர் தேர்வு ஏப்ரல், மே மாதங்களில், மின்விசிறிக்குக் கீழே மூன்று மணி நேரம். அங்கே பருத்தியைத் தவிர வேறெதுவும் உதவாது. பெஞ்சும் மேசையும் சேர்த்து அடித்துவைத்த பழைய வகுப்பறைகளில் இடைவெளி பதினெட்டு வயது இடுப்புக்குத்தான் அளவெடுக்கப்பட்டிருக்கிறது. உடம்பைப் பிடிக்காத துணியாகப் பார்த்துக்கொள்வது நல்லது. வேதியியல் ஆய்வகத்தில் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் பர்னரிடம் விளையாடக் கூடாது. கோட்டுக்குள் அடக்கிவிட வேண்டும். நைலான் கூடாது. கால் மூடிய காலணி கட்டாயம். பட்டறையில் தொங்குகிற எதுவும் ஆபத்து. கழற்ற வேண்டாம் என்று மேலே சொன்ன ஐடி கார்டைக்கூட அங்கே கழற்றித்தான் ஆக வேண்டும். வாசிக்கும் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண்.

மிஞ்சுவது வீட்டார் பேச்சு. இந்த வயசில் பை மாட்டிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டாள் என்று மாமியார் கேட்பதும், எதிர் வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்ப்பதும் சுடிதாரைப் பற்றிய பேச்சாகத் தொடங்கினாலும் அது சுடிதாரைப் பற்றியது அல்ல. அவள் படிக்கப் போவதைப் பற்றியது. எனவே உடையில் விட்டுக்கொடுத்து அந்தப் பேச்சை அடக்க முடியாது. சேலை கட்டிக்கொண்டு போனால் சமையலை யார் செய்வார் என்று கேட்பார்கள். சமைத்து வைத்துவிட்டுப் போனால் இனி இவளுக்கு வேலை யார் தரப்போகிறார்கள் என்பார்கள். முடிவில்லாத இந்த வரிசையில் முதல் படியிலேயே நின்று வாதாடுவதில் லாபம் இல்லை. எட்டு மணி பஸ்ஸைப் பிடிப்பதற்கு எது வசதியோ அதை உடுத்திக்கொண்டு கிளம்பிவிடலாம்.