நீர் படும் அறையில் மர வேலை

மரத்துக்கும் நீருக்கும் என்றுமே பகை. ஆயினும், குளியலறையிலே சித்திர மர வேலை செய்விக்க விரும்புவோர் நம்மிடையே உளர். கொக்குவிலில் எங்கள் வீட்டிலும் சென்ற ஆண்டு அத்தகைய முயற்சியொன்று நடைபெற்றது. அதிற் கற்றவற்றை நேயர்களுக்குக் கூறுவது பயன் தருமென எண்ணுகின்றேன்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே கிணற்றடியே குளியலறை. துலாவால் இறைத்த நீர் தொட்டியை நிரப்பும். குளித்த நீர் வாழைக்கும் கமுகுக்கும் பாயும். கிடுகு வேலி மறைப்பாகும். பின்னாளிலே கிணற்றருகே நான்கு சுவர் எழுப்பினோம். ஆறடி நீளமும் ஐந்தடி அகலமுங் கொண்ட அச்சிற்றறையில், எண்பது வயதைக் கடந்த எங்கள் அம்மா ஒருநாள் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அன்று முதல் தனியே குளிக்க அஞ்சினார். அறையைத் திருத்துவதென்ற முடிவு அந்த அச்சத்திலே பிறந்தது.

வீட்டிலே பழைய பலகையொன்று இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நாங்களும் சென்றோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டிற் கதவுமில்லை, யன்னலுமில்லை. வாசற்கதவுக்கு மேலிருந்த, கொடியும் பூவுஞ் செதுக்கிய தேக்கம் பலகை மட்டும் முற்றத்திலே கிடந்தது. அதனைப் புதிய அறையிற் பதிக்கவேண்டுமென்பது அம்மாவின் விருப்பம்.

முதலில் வந்தவர் சுவர் முழுவதையும் ஒட்டுப்பலகையால் மூடலாமென்றார். அடுத்து வந்த முதிய தச்சர் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, “அம்மா, இதை நீர் தெறிக்கிற இடத்தில் வைத்தால் நாலு மாரி தாங்காது. தலைக்கு மேலே வைப்போம்” என்றார்.

அவர் கூற்றிற்குக் காரணம் உண்டு. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டி நிலைத்துவிட்டால் பூஞ்சணம் பற்றி உக்கத் தொடங்கும். அன்றியும், நமது குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. கிணற்று நீர் உலருமிடத்தில் வெண்படிவு தங்கும். அது செதுக்கு வேலையின் பள்ளங்களில் ஏறினால் அகற்றுவது அரிது. ஆகவே சுவரின் அடியில் நான்கடிக்குச் சீமெந்து பூசி, தரையைச் சொரசொரப்பாக்கினோம். கதவுக்கு மேலே காற்றுப் போகும் மரச் சாலகம் அமைத்து, அதன் நடுவே பலகையைப் பதித்தார் தச்சர்.

கதவு செய்த முறையும் கவனிக்கத்தக்கது. ஈரம் பட்ட மரம் அகலத்தில் விரியும். நீளத்தில் விரிவது மிகச் சொற்பம். எனவே நடுப்பலகையைச் சட்டத்தின் தவாளிப்பில் பசையின்றி நிறுத்தினார். அது விரியவும் சுருங்கவும் இடமிருந்தது. கதவின் அடிமுனை நீரை மிகுதியாய் உறிஞ்சுமாதலால் அதற்கு வர்ணம் இருமுறை பூசி, தரைக்கு மேலே ஓரங்குல இடைவெளி விட்டார். ஆணிகள் யாவும் பித்தளை. இரும்பு துருவேறி மரத்திற் கறை படுத்தும்.

அம்மாவுக்காக வாசலிலிருந்து குழாய்வரை முதிரை மரத்திலே கைபிடி இழைத்தார். விரல்கள் முழுவதும் சுற்றிப் பிடிக்கும் பருமனே அதற்கு அளவு. கைபிடியை மேற்பூச்சிலன்றிக் கற்சுவரிலேயே ஆழத் துளைத்து இறுக்கவேண்டும். ஆள் விழும்போது முழுப் பாரமும் அதிலே தங்கும்.

மரம் தேடுவோருக்கு ஒரு சொல். பலாவைத் தறிப்பதற்கு அனுமதி பெறவேண்டுமென்பது 1951ஆம் ஆண்டு முதலே சட்டம். இடித்த வீடுகளின் பழைய மரமே சிறந்தது; அது நன்கு உலர்ந்து, அசைவு அடங்கியிருக்கும்.

அயலூராகிய இணுவிலில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சத்தைக் கண்டோர் நமது சிற்பத் தச்சரின் கைவன்மையை அறிவர். எங்கள் தச்சரின் பிள்ளைகளோ வேறு தொழிலை நாடிச் சென்றுவிட்டனர். கோயில் வேலை என்றோ ஒருநாள் வரும்; வீட்டு வேலை கிடைத்தாலன்றோ உளி துருவேறாதிருக்கும்? ஒரு கதவையேனும் அத்தகையோரிடம் கொடுங்கள்.

ஜப்பானியர் ஹினோக்கி என்னும் மரத்தாற் குளியற் தொட்டியே செய்கின்றனர். குளித்தபின் நீரை வடித்துக் காற்றாட விடுவதே அதன் ஆயுளுக்குக் காவல். எங்கள் அம்மா இப்போது கைபிடியைப் பற்றித் தனியே குளிக்கிறார். குளித்து வந்ததும், “கதவைத் திறந்து விடு பிள்ளை, மரம் காயட்டும்” என்கிறார்.