பறவையின் மூச்சு

சென்ற வாரம் அடுத்த வீட்டுச் சிறுவன், வாசலில் விழுந்து கிடந்த சிட்டுக்குருவி ஒன்றைக் கைக்குள் இறுகப் பொத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"கையைத் தளர்த்தடா, அதற்கு மூச்சு முட்டும்!" என்றேன்.

"மூக்கை நான் மூடவே இல்லையே, மாமா!" என்றான்.

நியாயமான ஆட்சேபந்தான். அதற்குச் சமாதானம் சொல்வதானால் பறவைகள் சுவாசிக்கும் விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும்.

நம்முடைய சுவாசப்பைகள் கொல்லன் துருத்தியைப் போல விரிந்து சுருங்குபவை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசைதான் இதில் முக்கியமாக வேலை செய்கிறது. காற்று, போன வழியாகவே திரும்புகிறது. எவ்வளவு பலமாக மூச்சை விட்டாலும் ஒரு லிட்டருக்குமேல் பழைய காற்று உள்ளே தங்கிவிடும். புதுக்காற்று அதனோடு கலந்துதான் நமக்குப் பயன்படுகிறது. மாடானாலும் திமிங்கிலமானாலும் பாலூட்டிகளுக்கெல்லாம் இதே கதிதான்.

பறவைக்கு அத்தகைய உதரவிதானம் கிடையாது. அதன் சுவாசப்பைகள் அநேகமாக விரிவதும் சுருங்குவதும் இல்லை. துருத்தி வேலையை மெல்லிய காற்றறைகள் செய்கின்றன. பெரும்பாலான பறவைகளுக்கு அவை ஒன்பது. இழுத்த காற்றில் பெரும்பகுதி முதலில் பின்புற அறைகளுக்குப் போகிறது. மூச்சு விடும்போது அங்கிருந்து சுவாசப்பைக்குள் பாய்கிறது. மறுமுறை இழுக்கையில் முன்புற அறைகளை அடைந்து, மறுமுறை விடுகையிலேயே வெளியேறுகிறது. ஆகவே, இழுத்தாலும் விட்டாலும் சுவாசப்பையின் பெரும்பகுதியில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. இத்தனைக்கும் நடுவில் அடைத்துத் திறக்கும் கதவு ஒன்றுகூட இல்லை! குழாய்களின் அமைப்பே காற்றைத் திருப்பிவிடுகிறது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த ஷ்மிட்-நீல்சன் 1971-இல் இதைப் பொதுமக்களுக்கு விளங்க எழுதினார்.

இந்த ஏற்பாட்டின் பலத்தை வரித்தலை வாத்திடம் காணலாம். இமயத்தைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரையில் வருகிற பறவை அது. 7,000 மீட்டருக்கு மேலே, நாம் நடக்கவும் திணறும் இடத்தில், அது சிறகடித்துப் பறந்தது பதிவாகியிருக்கிறது. அதன் இரத்தத்தின் விசேஷமும் இதற்குத் துணை.

ஆனால் காற்றறைகள் விரிய வேண்டுமானால் மார்பெலும்பு கீழும் மேலும் அசைந்தாக வேண்டும். மார்பை இறுக்கிப் பிடித்தால், மூக்குத் திறந்திருந்தும் உள்ளே காற்றுப் போகாது.

பையன் சட்டென்று விரல்களைத் தளர்த்தினான். துளையிட்ட அட்டைப்பெட்டி ஒன்றில் குருவியை விட்டு, சந்தடியில்லாத மூலையில் வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்ததுதான் தாமதம், கிணற்றடி முருங்கைக்குப் பறந்துவிட்டது.