ஐம்பதைத் தாண்டியவர் துணை தேடினால் குற்றமா?



போடிநாயக்கனூரில் பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தாம்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குக் காயெடுக்கச் செல்லும் பெண்களால் ஒவ்வொரு ஜீப்பும் நிரம்பி வழிகிறது. இவர்களில் கணவனை இழந்தவர்கள் எத்தனை பேர்? கணவன் விட்டுச்சென்ற ஒரே சொத்தாக எச்.ஐ.வி. கிருமியைச் சுமப்பவர்கள் எத்தனை பேர்? என்றைக்காவது நாம் யோசித்ததுண்டா?

"இதெல்லாம் நம் பத்திரிகையில் பேசும் விஷயமா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். முகம் சுளித்தே இத்தனை காலத்தை ஓட்டிவிட்டோம். இனியாவது பேசுவோம்!

1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டிலேயே முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்தபோது, அது மரண தண்டனையாகவே பார்க்கப்பட்டது. இன்று நிலைமை அப்படியில்லை. 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நம் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அதற்கான ஏ.ஆர்.டி. மையம் இயங்குகிறது. அன்று முப்பது, முப்பத்தைந்து வயதில் மருந்தைத் தொடங்கியவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். செத்துவிடுவார்கள் என்று ஊர் கைகழுவியவர்கள், பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்!

ஆனால் அவர்களுடைய வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டார்கள். இரவில் காய்ச்சல் வந்தால் வெந்நீர் வைத்துத் தர ஆளில்லை. "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்க ஒரு குரல் இல்லை. இப்படிப்பட்ட ஒரு பெண்ணோ ஆணோ மறுமணம் என்று வாயெடுத்தால் என்ன நடக்கிறது? "இந்த வயசுல இது தேவையா?" என்று மகன் சீறுகிறான். சில வீடுகளில் அந்தச் சீற்றத்துக்குப் பின்னால் இருப்பது மானமா, இருக்கும் இரண்டு சென்ட் இடமா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்! "அந்த நோயோட கல்யாணமா?" என்று ஊர் கேட்கிறது.

ஊர் கேட்பதற்கு மருத்துவம் பதில் சொல்லிவிட்டது. சென்னை உட்படப் பல நாட்டு நகரங்களில், ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளிடையே நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2011ல் வெளியானது. உடனே மருந்தைத் தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குக் கிருமி பரவுவது 96 சதவீதம் குறைந்திருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டன: மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அதே நிலையில் நீடிப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவால் துணைக்கு இது பரவுவதில்லை. 'வைரல் லோடு' என்ற பரிசோதனை அதைக் காட்டிவிடும். அரசு மையத்தில் அதுவும் இலவசம்.

சட்டமும் வழிமறிக்கவில்லை. எச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்று 1998ல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான். ஆனால் 2002ல் அதே நீதிமன்றம் அந்தக் கருத்துகள் தேவையற்றவை என்று சொல்லிவிட்டது. 2017ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், இவர்களிடம் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. அவர்களுடைய நிலையை ஊரறியச் செய்வதையும் தடுக்கிறது.

அப்படியென்றால் மறைத்து மணம் முடிக்கலாமா? கூடவே கூடாது! துணையாக வருபவரிடம் நிக்காஹ்வுக்கு முன்பே உள்ளதைச் சொல்லியாக வேண்டும். கணவன் மறைத்ததால்தானே எத்தனையோ சகோதரிகள் இந்தக் கிருமிக்கு ஆளானார்கள்? அந்தத் துரோகம் மறுபடி நடக்கலாகாது. ஆனால் சொல்ல வேண்டியது துணையிடம், ஊரிடம் அல்ல!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். முறையான வாசலை அடைத்தால் மனித மனம் அடங்கிவிடுமா? ஒளிவுமறைவான உறவில் பரிசோதனையும் இருக்காது, பாதுகாப்பும் இருக்காது. மாதவிடாய் நின்றவளுக்குப் பிள்ளை பயம் இல்லை என்று ஆணுறையைத் தள்ளிவிடுகிறார்கள். பிள்ளை வராது என்பதற்காகக் கிருமியும் வராதா?

ஜமாஅத் நிர்வாகிகளே! உங்களிடம் கேட்பது மூன்றுதான். இருவரும் உண்மை அறிந்து, மனமொப்பி வந்தால் நிக்காஹ் பதிவை மறுக்காதீர்கள். அவர்களுடைய இரகசியத்தைப் பள்ளிவாசல் திண்ணைக்குக் கொண்டுவராதீர்கள். எதிர்க்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சொத்துப் பேச்சை ஒரு பக்கம், தாய் தகப்பனின் தனிமையை ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுங்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய முதல் துணைவியார் கதீஜா (ரலி) அவர்கள் ஒரு விதவை. இதை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். நம் தெருவில் ஒரு விதவை, மருந்துப் பையோடு மலையிறங்கி இருட்டு வீட்டைத் திறக்கும்போது மட்டும் அந்தப் பெருமை எங்கே போய்விடுகிறது?

சமுதாயம் சிந்திக்குமா?